சிஸ்டம்டி கருவித்தொகுப்பு: பழுது பார்ப்பவரின் கண்ணோட்டத்தில் ஒரு மதிப்புரை

சிஸ்டம்டி என்ற பெயரை எடுத்தாலே, லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே பேச்சு அது வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வழக்குக்குத் திரும்பிவிடும். கணினி தொடங்கும்போது சேவைகளை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, தொடங்கிவைத்து மேற்பார்ப்பது இதன் வேலை. லெனார்ட் பொய்ட்டரிங் 2010இல் அறிமுகப்படுத்திய இந்த மென்பொருள், 2011இல் ஃபெடோரா 15இலும், 2014இல் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7இலும், 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவற்றிலும் இயல்பான தொடக்க அமைப்பாக இடம்பிடித்தது. டெபியனின் முடிவை ஏற்காதவர்கள் டெவுவான் என்று தனியே பிரிந்து சென்றார்கள். அந்த வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கவலையில்லை. கணினி பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஒரு சேவை தொடங்க மறுக்கிறது, கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது, இணைப்பு இருந்தும் தளங்களின் பெயர்கள் முகவரியாக மாறுவதில்லை போன்ற அன்றாடக் கோளாறுகளில், இத்தொகுப்புடன் வரும் கருவிகள் ஒரு சாதாரணப் பயனருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதை மட்டுமே இந்த மதிப்புரை எடைபோடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்ற கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் தரும் கருவி லினக்ஸில் இதற்கு முன் இருந்ததில்லை. ஓர் அமைப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற கேள்விக்கும், அது சிஸ்டம்டியின் சொந்தக் கோப்பாக இருக்கும்வரை, பதில் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் ஒரே அமைப்பின் மீது இரண்டு மூன்று மென்பொருள்கள் உரிமை கொண்டாடும் இடத்தில், அதாவது அடிப்படைக் கோளாறுகள் பெரும்பாலும் முளைக்கும் அதே இடத்தில், இந்தக் கருவிகள் வாய் திறப்பதில்லை.

நல்லதிலிருந்து தொடங்கலாம். ஏதோ சரியில்லை, எது என்று தெரியவில்லை என்ற நிலையில் முதலில் தட்ட வேண்டியது சிஸ்டம்சிடிஎல் கட்டளையைத்தான். அதற்கு ஃபெய்ல்டு என்ற விருப்பத்தைக் கொடுத்தால் தோற்றுப்போன சேவைகள் மட்டும் பட்டியலாக வரும். பட்டியல் வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்: கோளாறு சேவைகளின் தொடக்கத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் இருந்தால், அதே கட்டளைக்கு ஸ்டேட்டஸ் என்று கொடுத்து அந்தச் சேவையின் நிலையைப் பார்க்கலாம். வெளியீடு ஒரு திரைக்குள் அடங்கிவிடும். சேவையின் கோப்பு எங்கே இருக்கிறது, கணினி தொடங்கும்போது தானாக ஓடும்படி அது இயக்கப்பட்டிருக்கிறதா, இப்போது ஓடுகிறதா, எப்போது நின்றது, நின்றபோது விட்டுச்சென்ற எண் என்ன, கடைசியாக எழுதிய பத்து வரிகள் என்ன என்ற எல்லாமும் அங்கே கிடைக்கும். தானாக ஓடும்படி இயக்கி வைப்பதும் இப்போதே தொடங்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பது புதியவர்களை ஓயாமல் இடறிவிடும் விஷயம். நேற்று ஓடிய சேவை கணினியை மீண்டும் தொடங்கியபின் ஏன் காணோம் என்ற கேள்விக்கான விடை, இந்த வெளியீட்டின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது.

அந்த வெளியேறும் எண்களைப் பற்றித் தனியே சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இத்தொகுப்பில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல அம்சம் அதுதான் என்பது என் எண்ணம். சேவையின் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சிஸ்டம்டியின் ஏற்பாட்டில் ஏதாவது தவறிப்போனால், அது 200 அல்லது அதற்கு மேற்பட்ட ஓர் எண்ணையும் அதனருகே ஒரு குறுஞ்சொல்லையும் காட்டும். 203 என்றால் இயக்க வேண்டிய நிரலையே இயக்க முடியவில்லை. பாதை தவறாக இருக்கலாம், இயக்கும் அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஸ்கிரிப்ட் என்றால் அதன் முதல் வரியில் குறிப்பிட்ட ஷெல் அந்தக் கணினியில் இல்லாமலும் இருக்கலாம். 200 என்றால் வேலை செய்ய வேண்டிய அடைவுக்குள் நுழைய முடியவில்லை. 217 என்றால் சேவைக் கோப்பில் எழுதியிருக்கும் பயனர் கணினியில் இல்லை. சேவையின் நிரலைக் குறை சொல்வதா, அதைச் சுற்றியுள்ள அமைப்பைக் குறை சொல்வதா என்ற முதல் கேள்வியை இந்த மூன்று இலக்கங்களே தீர்த்துவிடுகின்றன. எண்ணின் பொருள் கையேட்டுப் பக்கத்தில் இருக்கிறது. திரையிலேயே ஒரு வரி விளக்கமாகவும் தந்திருந்தால் எவ்வளவோ பேரின் நேரம் மிஞ்சியிருக்கும்.

அதே திரையில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு சேவை தொடர்ந்து விழுந்து எழுந்தால், பத்து விநாடிக்குள் ஐந்து முறை என்ற இயல்பான வரம்பைத் தாண்டியவுடன் சிஸ்டம்டி அதை மீண்டும் தொடங்க மறுத்துவிடும். அப்போது ஸ்டேட்டஸ் காட்டும் கடைசிப் பத்து வரிகளையும் பெரும்பாலும் இந்த மறுப்புச் செய்தியே நிரப்பிக்கொள்ளும். சேவை முதலில் விழுந்ததற்கான உண்மையான காரணம் அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மறுப்பையே நோயாக எண்ணி, வரம்பைத் தளர்த்துவது எப்படி என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியது ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் பதிவுகளை. முதல் தோல்வி வரை மேலே போக வேண்டும். காரணத்தைச் சரிசெய்தபின், ரீசெட் ஃபெய்ல்டு என்ற துணைக்கட்டளையால் கணக்கை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

ஜர்னல்சிடிஎல் இத்தொகுப்பின் மையம். இயங்குதளத்தின் கருவான கர்னல், சேவைகள், பயனர் அமர்வுகள் என எல்லாரும் எழுதும் பதிவுகள் ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தின்படி வரிசையாகக் கிடைக்கின்றன. முன்பு கர்னலின் செய்திக்கு ஒரு கோப்பு, உள்நுழைவுக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கோப்பு என்று திறந்துவைத்து, நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்த பாடு இப்போது இல்லை. பூட் என்ற விருப்பம் இந்த முறை கணினி தொடங்கியதிலிருந்து வந்த பதிவுகளை மட்டும் தரும். அதே விருப்பத்துக்கு மைனஸ் ஒன்று என்று கொடுத்தால், இதற்கு முந்தைய முறை தொடங்கியபோது எழுதப்பட்டவை வரும். உறைந்துபோய், மின்பொத்தானை அழுத்தி அணைக்க நேர்ந்த கணினியை ஆராய்வதற்கு இதைவிடப் பயனுள்ள ஒற்றை விருப்பம் எதுவுமில்லை. அதனுடன் ப்ரையாரிட்டி விருப்பத்தையும் சேர்த்து எரர் என்ற நிலையையும் அதற்கு மேற்பட்டவற்றையும் மட்டும் கேட்டால், ஆயிரக்கணக்கான வரிகள் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். ஆனால் அந்தக் கைப்பிடியில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் உண்மையான கோளாறு அல்ல. நன்றாக ஓடும் மடிக்கணினியிலும் தாய்ப்பலகை நிரலைப் பற்றிய முறையீடுகளும் இல்லாத வன்பொருளைத் தேடிய புலம்பல்களும் ஒவ்வொரு தொடக்கத்திலும் வருவது வழக்கம். கணினி நலமாக இருக்கும் ஒரு நாளில் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்து வைத்திருப்பவருக்குத்தான், கோளாறு வந்த நாளில் புதிதாகச் சேர்ந்த வரி எது என்பது தெரியும்.

முந்தைய தொடக்கத்தின் பதிவு கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கருவி முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது கடுமையாகக் குறைசொல்லத்தக்கது. பதிவைச் சேமிக்கும் முறை ஆட்டோ என்று இருக்கும் கணினிகளில், வார் அடைவின் கீழ் லாக் என்பதற்குள் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் மட்டுமே பதிவுகள் வட்டில் நிலைக்கும். இல்லையென்றால் அவை ரன் அடைவில், அதாவது நினைவகத்தில் எழுதப்பட்டு, கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். ஓர் அடைவு இருப்பதும் இல்லாததும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும் என்று எந்தப் புதியவரும் ஊகிக்க முடியாது. ஃபெடோரா, உபுண்டு போன்ற எந்த லினக்ஸ் விநியோகத்தை நிறுவினாலும் முதல் நாளே இதைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் பதிவுகளைச் சேமிக்கும் சேவையான ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் சேமிப்பை பெர்சிஸ்டென்ட் என்று மாற்றிவிட வேண்டும். வட்டு நிரம்பிவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. அந்தக் கோப்புமுறையின் பத்து விழுக்காடு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது சிறியதோ அதற்கு மேல் ஜர்னல் வளராது என்பது இயல்பான ஏற்பாடு. அதுவும் அதிகம் என்று தோன்றினால் வரம்பைக் குறைக்கலாம், வேக்யூம் விருப்பத்தால் பழையவற்றைக் களையலாம்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் இருக்கின்றன. நீண்ட வரிகள் திரையின் வலப்பக்கத்தோடு வெட்டுப்பட்டு நிற்கும். பிழைச்செய்தியின் முக்கியமான பகுதி பெரும்பாலும் அந்த வெட்டுக்கு அப்பால்தான் இருக்கும், வலப்பக்க அம்புக்குறி விசையை அழுத்தினால் தெரியும் என்பது யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும். சாதாரணப் பயனராக இக்கட்டளையை ஓட்டினால் சொந்தப் பதிவுகள் மட்டுமே கிடைக்கும், மற்றவற்றைக் காட்டவில்லை என்று ஒரு குறிப்பு முதலில் வந்து போகும்; அதைக் கவனிக்காதவர் பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். கேட்டலாக் விருப்பம் ஒவ்வொரு செய்திக்கும் விளக்கம் தரும் என்று கையேடு சொல்கிறது. ஒரு சேவை தோற்றது என்ற செய்திக்குக் கீழே அந்தச் சேவை தோற்றுவிட்டது என்று இன்னும் நீளமாகச் சொல்வதை விளக்கம் என்று கொள்வது கடினம்.

பதிவுகள் இருமக் கோப்பாகச் சேமிக்கப்படுவதைப் பற்றிய பழைய முறையீட்டில் பாதி நியாயம் உண்டு. இறந்துபோன கணினியின் வட்டைக் கழற்றி வேறொன்றில் பொருத்திப் பார்க்கும்போது, உரைக்கோப்பு என்றால் எந்தக் கருவியாலும் வாசித்துவிடலாம். இதற்கு ஜர்னல்சிடிஎல் உள்ள இன்னொரு கணினி வேண்டும், டைரக்டரி என்ற விருப்பத்தில் அந்த அடைவைக் காட்ட வேண்டும். நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது என்பதால் நடைமுறையில் இது பெரிய தடையில்லை. உரைக்கோப்பே வேண்டும் என்பவர், பதிவை உரையாக எழுதும் ஆர்சிஸ்லாக்கை உடன் நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொல்லையின்றி ஓடும்.

இனி அமைப்புக் கோப்புகளுக்கு வருவோம். இங்கேதான் சிஸ்டம்டி என்னை மிகவும் கவர்கிறது. விநியோகம் தரும் சேவைக் கோப்பு யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும். அதை யாரும் தொட வேண்டியதில்லை. சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று கொடுத்தால், ஈடிசி அடைவுக்குள் அந்தச் சேவையின் பெயரில் ஓர் அடைவும், அதற்குள் மாற்றங்கள் மட்டுமே அடங்கிய சிறு கோப்பும் உருவாகும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும் நம் மாற்றம் அழியாது. கேட் என்ற துணைக்கட்டளை மூலக் கோப்பையும் அதன் மேல் வந்து படிந்த சிறு கோப்புகளையும், ஒவ்வொன்றும் எந்தப் பாதையில் உள்ளது என்ற குறிப்போடு, வரிசையாகக் காட்டும். சிஸ்டம்டி டெல்டா கணினி முழுவதிலும் மாற்றப்பட்டவை எவை என்று பட்டியலிடும். பிறர் அமைத்துவைத்த ஒரு கணினியைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் ஓட்டுவது இதைத்தான். முன்பிருந்தவர் எங்கெல்லாம் கைவைத்திருக்கிறார் என்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

இதிலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேவை ஓட்டும் கட்டளையை மாற்ற விரும்பி, சிறு கோப்பில் எக்ஸெக்ஸ்டார்ட் வரியைப் புதிதாக எழுதினால், சிஸ்டம்டி பழையதை நீக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளை இருக்கிறது என்று சேவையையே ஏற்க மறுக்கும். அதற்கு முன்னால் மதிப்பு ஏதுமின்றி அதே பெயரில் ஒரு வெற்று வரி எழுத வேண்டும். அந்த வெற்று வரிதான் பழையதைத் துடைக்கிறது. காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்ளலாம்: பட்டியலாக வளரக்கூடிய பெரும்பாலான அமைப்புகளுக்கும் இதே விதி. ஆனால் முதல்முறை சந்திப்பவருக்கு அந்தப் பிழைச்செய்தி தீர்வைச் சொல்லாமல் குற்றத்தை மட்டும் சொல்கிறது. கோப்பைக் கையால் திருத்தியபின் டீமன் ரீலோட் செய்யாவிட்டால் பழைய அமைப்பே ஓடும் என்பதை மட்டும், நல்லவேளையாக, ஸ்டேட்டஸ் திரையே எச்சரித்துவிடுகிறது. சிஸ்டம்டி அனலைஸ் கருவியின் வெரிஃபை துணைக்கட்டளை, ஓட்டிப் பார்க்கும் முன்பே எழுத்துப்பிழைகளைப் பிடித்துத் தருகிறது.

எஃப்எஸ்டேப் கோப்பைச் சிஸ்டம்டி நடத்தும் விதத்துக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும், அதுவும் கலவையான மதிப்பெண்தான். எந்த வட்டுப் பகுதியை எந்த அடைவில் மவுன்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று சொல்லும் இந்தப் பழைய கோப்பைத் தொடக்கத்தின்போது வாசித்து, ஒவ்வொரு வரியையும் ஒரு மவுன்ட் யூனிட்டாக, அதாவது தான் கையாளும் ஓர் அலகாக, சிஸ்டம்டி மாற்றிக்கொள்கிறது. ஒரு பகுதியை மறுபடி ஃபார்மேட் செய்தால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். கோப்பில் பழைய எண்ணே இருக்கும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது அந்தச் சாதனத்துக்காக இயல்பாக 90 விநாடிகள் காத்திருக்கும். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் நகர, ஒன்றரை நிமிடம் வரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி பலருக்கும் பழக்கமானது. காணாமல் போனது நினைவகத்துக்குத் துணையாக இருக்கும் ஸ்வாப் பகுதி என்றால், அந்தத் தாமதத்தோடு தொல்லை முடிந்து கணினி மேலே போகும். மற்றபடி மவுன்ட் செய்ய வேண்டிய சாதாரணப் பகுதி என்றால், உள்ளூர்க் கோப்புமுறைகள் என்ற இலக்கே தோற்று, கணினி அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். படங்கள் மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது வட்டு கழன்றுபோனதற்காக முழுக் கணினியும் தொடங்க மறுப்பது மிகையானது என்று பலரும் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் தரவுத்தளம் இருக்க வேண்டிய பகுதி இல்லாமலேயே சேவையகம் தொடங்கி, வெற்று அடைவில் புதிய தரவை எழுதத் தொடங்குவதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நாம் கருதும் பகுதிகளுக்கு அந்த வரியில் நோஃபெய்ல் என்று சேர்த்துவிட்டால் போதும்.

இந்த இடத்தில் பதிவைப் படிப்பதுதான் கடினம். பாதைகளில் வரும் சாய்கோடு யூனிட் பெயரில் ஹைஃபனாக மாறும். ஏற்கெனவே உள்ள ஹைஃபன் ஒரு பின்சாய்கோட்டையும் எக்ஸ் 2 டி என்ற குறியையும் பெறும். ஹைஃபன்கள் நிறைந்த ஒரு யூயூஐடி இப்படி மாறி வரும்போது, கோப்பில் எழுதியிருப்பதும் பதிவில் வந்திருப்பதும் ஒரே எண்தானா என்று கண்ணால் ஒப்பிடுவது தண்டனை. வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளைக்கு எஃப் விருப்பத்தைக் கொடுத்து, இப்போதைய எண்களைக் கோப்போடு நேரடியாக ஒப்பிடுவதே எளிது. அதைவிட எளிது, ஃபைண்ட்மவுன்ட் கருவியின் வெரிஃபை விருப்பம். எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியையும் சோதித்து, இல்லாத சாதனம், இல்லாத அடைவு, தவறான கோப்புமுறை வகை ஆகியவற்றைத் தனித்தனியே சொல்லும். இது சிஸ்டம்டியின் கருவி அல்ல, யூட்டில்லினக்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. ஆனாலும் எஃப்எஸ்டேப்பைத் திருத்தியவர் கணினியை மீண்டும் தொடங்குவதற்கு முன் இதை ஓட்டியிருந்தால், அவசர நிலைக்குப் போன கணினிகளில் பெரும்பாலானவை அங்கே போயிருக்காது என்று துணிந்து சொல்வேன்.

கணினியின் பெயர், நேரம், மொழி ஆகியவற்றுக்கான மூன்று சிறு கருவிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். டைம்டேட்சிடிஎல் நன்றாக அமைந்தது. உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், வன்பொருள் கடிகாரத்தின் நேரம், ஒத்திசைவு நடந்திருக்கிறதா என்பவை ஒரே பார்வையில் தெரியும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் நேரம் மாறி மாறித் தவறுவதன் காரணமும் இதே திரையில் கிடைக்கும்: விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் அதைப் பொது நேரமாக வாசிக்கிறது. நேரம் பெரிதாகத் தவறினால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி மறுக்கும், மென்பொருள் புதுப்பிப்பும் நிற்கும். எனவே இணையக் கோளாறு போல் தோன்றும் எதற்கும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கணினியின் பெயரை மாற்றும், ஆனால் பெயர்களுக்குரிய முகவரிகளைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயர் இருப்பதைக் கண்டுகொள்ளாது. அதன்பின் சில கணினிகளில், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சூடோ ஒவ்வொரு முறையும் கணினியின் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று முணுமுணுக்கும். லோக்கேல்சிடிஎல் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர்த்தீர்வுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இணைப்பு இருக்கிறது, எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயரைக் கொடுத்தால் மட்டும் எதுவும் திறப்பதில்லை என்ற கோளாறுக்கு மையம் ரிசால்வ்கான்ஃப் என்ற ஒரு சிறிய கோப்பு. ஒருகாலத்தில் அதில் பெயர்ச்சேவையகத்தின் முகவரியை நாமே எழுதினோம், அதோடு முடிந்தது. இப்போது அதை எழுதக் காத்திருப்பவர்கள் பலர்: சிஸ்டம்டியின் ரிசால்வ்டி, நெட்வொர்க்மேனேஜர், கணினிக்கு முகவரி பெற்றுத்தரும் டிஹெச்சிபி கிளையன்ட், விபிஎன் மென்பொருள். ரிசால்வ்டி ஆளும் கணினியில் அது உண்மையான கோப்புகூட அல்ல, ரன் அடைவை நோக்கிய ஓர் இணைப்பு, உள்ளே 127.0.0.53 என்ற முகவரி மட்டும் இருக்கும். கையால் எழுதிய முகவரி சற்று நேரத்தில் மாயமாவதற்குக் காரணம் இந்தப் போட்டிதான்.

இங்கே ரிசால்வ்சிடிஎல் கட்டளையின் ஸ்டேட்டஸ் வெளியீட்டில், தொடக்கத்திலேயே, அந்தக் கோப்பின் நிலையைச் சொல்லும் ஒரு சொல் வரும். ஸ்டப் என்றிருந்தால் கோப்பு ரிசால்வ்டியின் ஆளுகையில் இருக்கிறது. ஃபாரின் என்றிருந்தால் வேறு யாரோ எழுதுகிறார்கள். அந்த வேறு யார் என்பதைக் கேட்டால் கருவியிடம் பதில் இல்லை. கோப்பைத் திறந்து, தலைப்பில் உள்ள குறிப்புவரியைப் படித்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். எழுதியவர் தன் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் நம் நல்ல நேரம். சேவைக் கோப்புகளில் ஒவ்வொரு வரியும் எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று பெருமையோடு காட்டும் அதே தொகுப்பு, கணினியின் மிக அதிகமாகக் குழம்பும் கோப்பில் ஒற்றைச் சொல்லோடு கைகழுவிவிடுவது ஏமாற்றம். இந்தப் போட்டியை வெல்வதற்காகக் கோப்பை மாற்ற முடியாததாகப் பூட்டிவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அது வேலை செய்யும். ஆனால் வேறொரு வலையமைப்புக்கு மடிக்கணினியை எடுத்துச்சென்ற நாளில் பெயர்த்தீர்வு மீண்டும் நின்றுபோகும், அப்போது பூட்டியது யார் நினைவிலும் இருக்காது. ஒருவரை மட்டும் உரிமையாளராக வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் எழுதாதே என்று அவரவர் அமைப்பிலேயே சொல்வதுதான் நிலைக்கும் தீர்வு.

சோதிக்கும்போது இன்னொரு குழப்பமும் நேரும். என்எஸ்லுக்அப் கருவி பெயர்ச்சேவையகத்திடம் நேரடியாகக் கேட்கிறது. உலாவி முதலான பெரும்பாலான நிரல்கள் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் எழுதியுள்ள வரிசைப்படி, ஹோஸ்ட்ஸ் கோப்பு உள்ளிட்ட எல்லா வழிகளிலும் கேட்கின்றன. எனவே ஒன்றில் பதில் வந்து மற்றொன்றில் வராமல் போகலாம். நிரல்கள் போகும் பாதையிலேயே சோதிக்க கெட்என்ட் என்ற எளிய கட்டளை இருக்கிறது. இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டால், சேவையகத்தில் கோளாறா நம் கணினியின் அமைப்பில் கோளாறா என்பது உடனே பிரிந்துவிடும்.

அனலைஸ் கருவியின் பிளேம் துணைக்கட்டளை புகழுக்குத் தகுதியற்றது. தொடக்கத்தில் எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று இறங்குவரிசையில் காட்டுவதால், முதலிடத்தில் இருப்பதை முடக்கினால் அவ்வளவு நேரம் மிச்சம் என்று நம்பத் தோன்றுகிறது. சேவைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பின்னணியில் அரை நிமிடம் எடுத்த ஒன்று யாரையும் காக்கவைக்காமல் இருந்திருக்கலாம். யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று காட்டும் கிரிட்டிக்கல் செயின் துணைக்கட்டளைதான் நம்பத்தக்கது. உண்மையில் காக்கவைப்பவற்றில் வலையமைப்பு இணையும்வரை காத்திருக்கும் சேவை முக்கியமானது. கம்பி செருகாத ஓர் இடைமுகம் அமைப்பில் விடுபட்டுக் கிடந்தால், சிஸ்டம்டியின் வலையமைப்புப் பகுதியான நெட்வொர்க்டியின் அந்தச் சேவை இயல்பாக இரண்டு நிமிடங்கள் வரை காத்திருக்கும். அந்த இடைமுகத்தைத் தேவையற்றது என்று அமைப்பில் குறிப்பதே மருந்து. சேவையை முடக்கினால், வலையமைப்பை எதிர்பார்த்துத் தொடங்கும் மற்றவை தடுமாறக்கூடும்.

கடைசியாக, அவசர நிலை. எல்லாம் தோற்றபின் பயனர் வந்து சேரும் இந்த இடத்தில்தான் கருவி மிகக் கனிவாக இருந்திருக்க வேண்டும். ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் உள்ள கணினியில் குறையில்லை: கடவுச்சொல்லைக் கேட்கும், உள்ளே விடும், பதிவைப் பார்க்கும் கட்டளையையும் திரையிலேயே சொல்லும். உபுண்டுவில் ரூட் கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். அங்கே ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் முனையத்தைத் தர முடியாது, தொடர என்டரை அழுத்து என்று சொல்லும். அழுத்தினால் மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். பாதுகாப்பு நோக்கில் இதற்கு நியாயம் கற்பிக்கலாம். லைவ் யூஎஸ்பி ஒன்றைச் செருகினால் யாராலும் அதே வட்டைத் திறக்க முடியும் என்னும்போது, குறியாக்கம் செய்யாத கணினியில் அந்த நியாயம் மெலிந்ததே.

இந்தச் சுவரைத் தாண்டும் வழியும் சிஸ்டம்டியின் கையேட்டிலேயே, எஃப்எஸ்டேப் ஜெனரேட்டரைப் பற்றிய பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் எஃப்எஸ்டேப் சமக்குறி நோ என்று சேர்த்துத் தொடங்கினால், அந்த ஒரு முறை மட்டும் எஃப்எஸ்டேப்பில் உள்ள பகுதிகளையும் ஸ்வாப்பையும் சிஸ்டம்டி பொருட்படுத்தாது. இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதி கர்னலின் வரியிலேயே குறிக்கப்பட்டிருப்பதால் கணினி மேலே வந்துவிடும். பயனர் கோப்புகள் உள்ள ஹோம் தனிப் பகுதியில் இருந்தால் அது மட்டும் வெறுமையாகத் தெரியும், அதனால் வரைகலைத் திரைக்குப் பதில் எழுத்து முனையத்தில் நுழைவது நல்லது. ரூட் வாசிக்க மட்டுமே திறந்திருந்தால் எழுதும்படி ரீமவுன்ட் செய்துகொண்டு, கோப்பில் அந்தத் தவறான வரியைத் திருத்தி, ஃபைண்ட்மவுன்ட் வெரிஃபை பிழை ஏதும் சொல்லவில்லை என்று பார்த்தபின் கணினியை வழக்கம்போல் மீண்டும் தொடங்கலாம். க்ரப்பில் சேர்த்தது அந்த ஒரு தொடக்கத்தோடு மறைந்துவிடும் என்பதால், திரும்பப் போய் எதையும் அழிக்க வேண்டியதில்லை.